ஒரு வயதுக் குழந்தைக்கு முதல் வண்டி: எதை வாங்குவது?

வாண்டு அப்பா:
மகளுக்கு 13 மாதம் முடிந்திருக்கிறது. சோபாவைப் பிடித்துக்கொண்டு வீட்டையே சுற்றி வருகிறாள், கையை விட்டால் இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பையனிடம் உட்கார்ந்து காலால் உந்திப் போகிற கார் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், இறங்கவே மாட்டாள். ஸ்டியரிங்கைத் தட்டுகிறாள், சிரிக்கிறாள், ஆனால் வண்டி இம்மியும் நகர்வதில்லை. கால் விரல் நுனி மட்டும்தான் தரையில் படுகிறது.

சரி, நாமே ஒன்று வாங்கிவிடலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. காலால் உந்தும் நாலு சக்கர வண்டியிலேயே ஏகப்பட்ட வகை. பின்னால் கம்பி வைத்து நாம் தள்ளுகிற மூணு சக்கர சைக்கிள் ஒன்று, பெடல் இல்லாமல் காலால் உந்துகிற குட்டி பேலன்ஸ் பைக் ஒன்று, அப்புறம் பேட்டரி கார். அவள் தாத்தா பேட்டரி காரில்தான் உறுதியாக நிற்கிறார், காசு நான் தருகிறேன் என்கிறார்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரை. வெளியே கொஞ்சம் சிமெண்ட் தளம், வாசல் பக்கம் லேசாகச் சரிவு. மாடிப்படியும் உண்டு. இன்னும் தனியாக நடக்காத குழந்தைக்கு இதெல்லாம் சீக்கிரமா? பாட்டு, விளக்கு எல்லாம் உள்ளது தேவையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
நடக்காததைப் பற்றிக் கவலையே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளில், குழந்தை தனியாக நடக்கத் தொடங்கும் காலத்தை 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்கள். உங்கள் மகள் அதற்கு நடுவில்தான் இருக்கிறாள்.

காலால் உந்தும் வண்டிக்கு நடை தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. முதுகை நிமிர்த்தி, பக்கவாட்டில் சாயாமல் உட்காரவேண்டும், தானாக இறங்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று, யாராவது "அப்போ வாக்கர் வாங்கிக்கொடுங்க, நடக்கவும் பழகும்" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். நடுவில் துணி சீட்டு, சுற்றிலும் சக்கரம் இருக்குமே, அதைச் சொல்கிறேன். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். குழந்தை அதில் எக்கச்சக்க வேகத்தில் போய் படியில் உருண்டுவிடும், நடையும் சீக்கிரம் வராது.

திருப்புளி:
உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. "விரல் நுனி மட்டும்தான் படுகிறது." முழுப் பாதமும் படாவிட்டால் எந்த வண்டியும் நகராது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும்.

பெட்டியில் "12 முதல் 36 மாதம்" என்று போட்டிருப்பதை ஓரமாக வையுங்கள். ஒரே வயதுக் குழந்தைகளின் கால் நீளத்திலேயே நல்ல வித்தியாசம் இருக்கும். அளக்கவேண்டியது கவட்டிலிருந்து குதிகால் வரை. செருப்பு, சாக்ஸ் எதுவும் இல்லாமல் சுவரோரம் நிற்கவையுங்கள், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் மெல்லிய அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே படுக்கையாகப் பிடித்து மேலே முட்டும்வரை கொண்டுபோய், அதன் மேல் விளிம்பு இருக்கும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போடவேண்டும். நெளிவாள், குனிந்து புத்தகத்தைப் பிடுங்குவாள், அதனால் ரெண்டு மூணு தடவை அளந்து குறைவாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட 2 முதல் 3 செ.மீ. வரை குறைவாக சீட் உயரம் இருக்கவேண்டும். உட்கார்ந்ததும் பாதம் முழுக்கத் தரையில், முட்டி லேசாக மடங்கி. அவ்வளவுதான் கணக்கு.

இதிலும் ஒரு பொறி உண்டு. சீட்டின் உயரம் சரியாக இருந்தும் அகலம் அதிகமாக இருந்தால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். விரிந்த காலுக்கு உயரம் பற்றாது, உந்தவும் பலம் வராது. குண்டு குண்டாக கார் மாதிரி இருக்கும் வண்டிகளில் இதுதான் பிரச்சினை, பார்க்க அழகு, ஓட்ட வராது. தொடை படுகிற இடத்தில் சீட் உள்வாங்கி ஒடுங்கியிருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள்.

அப்புறம் கவிழ்வது. இந்த வயதில் குழந்தை வண்டியை ஓட்டுவதைவிட அதைப் பிடித்து எழுந்து நிற்கத்தான் அதிகம் பார்க்கும். பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினால் வண்டி மல்லாந்துவிடும். அதற்காகவே சில வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பின்னால் தரையிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கும், அது இருக்கிறதா பாருங்கள். கடையில் பின்முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டிலும் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

தூக்கம்கெட்டவள்:
பாட்டு வேண்டுமா என்று கேட்டீர்களே, அண்ணா, வேண்டாம். ஒரே பாட்டு, ஒரே இடத்தில் நின்றுபோகும், சத்தத்தைக் குறைக்க வழி இருக்காது. எங்கள் வீட்டு வண்டியில் பட்டன் இருந்ததால் பிள்ளை பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தான், வண்டியை ஓட்டவே இல்லை.

அதைவிட முக்கியம், பாட்டு இருந்தால் பேட்டரி இருக்கும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்கிறதா பாருங்கள். விரலால் தள்ளினால் திறக்கிற மூடி என்றால் தொடவே வேண்டாம். பொத்தான் மாதிரி இருக்கும் குட்டி பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிதான்.

சத்தம் என்றால் சக்கரத்தையும் பாருங்கள். உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸில் ஓடினால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். தவிர வழவழத் தரையில் அது வழுக்கும், திரும்பாது. ரப்பர் மாதிரி மெத்தென்ற மேல்பூச்சு உள்ளதாகப் பாருங்கள்.

கழுகுக்கண்:
திருப்புளி சொன்னதில் எனக்கு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. சீட் ஒடுக்கமாக இருக்கவேண்டும் என்றால் நேராகக் குட்டி பேலன்ஸ் பைக் பக்கமே போய்விடலாமே? நாலு சக்கரம் வைத்து, ஒரு வயதுக்கென்றே வருகிறதே. வீட்டுக்குள் திரும்ப இடம் குறைவாக இருந்தாலும் புகுந்துபோகும்.

பேட்டரி கார் பற்றி: தாத்தாவைச் சமாதானப்படுத்தும் வேலையை நீங்கள்தான் செய்யவேண்டும். 6 வோல்ட் கார் என்றால் மணிக்கு 3, 4 கி.மீ. போகும், பெரியவர் நடக்கிற வேகம். கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பட்டனை அழுத்தினால் போகும் என்பதை ஒரு வயதுக் குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும், விட்டால் நிற்கும் என்பதைப் பிடித்துக்கொள்ள நாளாகும். சுவர் வரும்போது பயந்து இன்னும் அழுத்திப் பிடிக்கும். கால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் என்பது வேறு.

தள்ளுகிற சைக்கிள் வெளியே கூட்டிப்போக வசதிதான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெடல் மிதிப்பது பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டித்தான் கைவரும். அதுவரைக்கும் அது சைக்கிள் உருவத்தில் ஒரு தள்ளுவண்டி. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்கவேண்டும், கட்டிப்போட்டு உட்காரவைப்பது ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பெல்ட் போட்டு அந்தச் சைக்கிளில் வைப்பது இரண்டாவது கணக்கில்தான் சேரும்.

திருப்புளி:
@கழுகுக்கண் குட்டி பேலன்ஸ் பைக்கில் சீட்டு ஒடுக்கம் சரி. ஆனால் பல மாடல்களில் சக்கரமும் ஒடுக்கமாக இருக்கிறது, முன்னிரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு. ஹேண்டிலை முழுசாகத் திருப்பி ஒரு பக்கம் சாய்ந்தால் கவிழும். ஹேண்டில் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுப்பு வைத்து, பின்சக்கரங்கள் அகலமாக இருந்தால் நானும் சரி என்பேன். அகலமான சக்கரம், ஒடுங்கிய சீட்டு, இரண்டும் சேர்ந்து வருவதைத் தேடவேண்டும்.

நிஜமான இரண்டு சக்கர பேலன்ஸ் பைக்கை ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் யோசிக்கலாம், ஹெல்மெட்டோடு. அது பச்சைப்பிள்ளை சமாச்சாரம் என்று தாத்தா சிரித்தால் இதைச் சொல்லுங்கள்: 1817இல் ஜெர்மனியில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, வளர்ந்த மனிதர்கள் காலால் உந்தித்தான் ஓட்டினார்கள். பெடல் வைத்த சைக்கிள் பிரபலமானது 1860களில்.

வாண்டு அப்பா:
எல்லோருக்கும் நன்றி. புத்தகம் வைத்து அளந்தோம், சொன்ன மாதிரியே பிடுங்கினாள். 29 செ.மீ. வருகிறது. பக்கத்து வீட்டுக் காரின் சீட்டையும் போய் அளந்தேன், 30! அதுவும் அகல சீட்டு. அவள் எப்படி உந்துவாள் பாவம்.

இப்போது இரண்டு வண்டி கண்ணில் இருக்கிறது. ஒன்றின் சீட் 21, இன்னொன்று 26. இரண்டுமே ஒடுங்கிய சீட்டு. 21 என்றால் இறங்க ஏற சுலபம் என்று மனைவி சொல்கிறாள். இதற்கிடையில் அக்கா வீட்டில் பரணில் ஒரு பழைய மர வண்டி இருக்கிறதாம், 25 செ.மீ. எடுத்துக்கொள் என்கிறாள். பழசு வாங்கலாமா?

திருப்புளி:
21 வேண்டாம். முட்டி மார்பு வரை வந்துவிடும், உந்துவதற்குக் காலை நீட்ட இடம் இருக்காது, அதோடு சீக்கிரம் சின்னதாகிவிடும். 26 சரியான அளவு.

பழசு என்றால் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். அடியில் விரிசல் இருக்கிறதா, ஆணி தலை தூக்கியிருக்கிறதா. சக்கரத்தின் நடுவில் அச்சை மூடியிருக்கும் குப்பி ஆடுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள், அதுதான் முதலில் கழன்று வாய்க்குள் போகிற ஐட்டம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. அகலமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துவார்கள், அதற்குள் முழுசாகப் போகிற எந்தத் துண்டும் ஆகாது. வண்டியில் பெயிண்ட் உரிந்திருந்து அது எந்தக் காலத்துப் பெயிண்ட் என்று தெரியாவிட்டால் அப்படியே பரணில் இருக்கட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், இவள் ஹேண்டிலைக் கடிக்கிற வயது.

நிலாமுற்றம்:
எதை வாங்கினாலும் வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மாடிப்படிக்கு கேட் போடுங்கள். வாசல் சரிவில் விடவேண்டாம், இந்த வண்டிகளுக்கு பிரேக் கிடையாது, அவள் கால்தான் பிரேக், அது இன்னும் நடக்கவே பழகாத கால். டைல்ஸில் சாக்ஸ் போட்டு விட்டால் கால் மட்டும் வழுக்கும், வண்டி அங்கேயே நிற்கும். வெறுங்கால் நல்லது, வெளியே சிமெண்டில் என்றால் மெத்தென்ற ரப்பர் அடி உள்ள ஷூ. பெருவிரல் உராய்ந்து தோல் போய்விடும்.

வாண்டு அப்பா:
26 செ.மீ. சீட்டு வண்டி வந்துவிட்டது. பாட்டு இல்லை, ரப்பர் சக்கரம், பின்னால் தடுப்பு இருக்கிறது. மர வண்டியில் பெயிண்ட் உரிந்திருந்தது, அக்காவிடம் சொல்லிவிட்டேன். தாத்தா கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், இப்போது அவர்தான் முன்னால் உட்கார்ந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒரு சிக்கல். பாதம் முழுசாகப் படுகிறது, நன்றாக உந்துகிறாள், ஆனால் வண்டி பின்னாலேயே போகிறது! முன்னால் ஓர் அங்குலம் வருவதில்லை. பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்று கத்துகிறாள். சக்கரத்தில் ஏதாவது கோளாறா? கையால் தள்ளினால் இரண்டு பக்கமும் சரியாகத்தான் ஓடுகிறது.

தூக்கம்கெட்டவள்:
ஹாஹா, எல்லாப் பிள்ளைகளும் முதலில் ரிவர்ஸ்தான் அண்ணா.

திருப்புளி:
கோளாறு எதுவும் இல்லை. மடங்கிய முட்டியை நீட்டினால் உடம்பு பின்னால்தான் போகும், அது குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த அசைவு. முன்னால் போகவேண்டும் என்றால் பாதத்தை முன்னால் ஊன்றி உடம்பை அதை நோக்கி இழுக்கவேண்டும், அது புது வித்தை. கயிறு கட்டி இழுக்காதீர்கள், சும்மா உட்கார்ந்து சவாரி செய்யப் பழகிவிடுவாள். பின்பக்கம் சுவரிலிருந்து நல்ல தூரம் விட்டு நடு ஹாலில் வையுங்கள், முன்னால் எட்டாத தூரத்தில் அவளுக்குப் பிடித்த எதையாவது போடுங்கள், தாத்தா இருந்தால் அவரே போதும். தானாக ஒருநாள் முன்னால் வருவாள், வந்த பிறகு நீங்கள் பின்னால் ஓடவேண்டியிருக்கும்.

கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு ஹேண்டில் போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புது வண்டியில் முதலில் தளர்வது அதுதான்.