தாள் திருப்பப் போய்ப் பார்த்த சிண்ட்ரெல்லா

லண்டனிலிருந்து:

தேவதைக் கதையை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்வையாளர் வரிசையில் இல்லை, பியானோவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு இசைப் பள்ளி மாணவர்களின் ஓப்பரெட்டாவுக்கு என் பியானோ டீச்சர்தான் வாசித்தார். வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து இசைத் தாள் திருப்ப வேண்டியவர் வரவில்லை. “நீ வா” என்றுவிட்டார்.

ஓப்பரெட்டாவில் பாட்டுக்கு நடுவே சாதாரண வசனமும் வரும், கேலியும் இருக்கும். அன்று போட்டது பாலின் வியார்தோவின் ‘சாந்த்ரியோன்’, நம் சிண்ட்ரெல்லாதான். வியார்தோ ஒரு காலத்தில் ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி. எண்பதைத் தாண்டிய வயதில், 1904-இல், பாரிஸில் ஒரு வீட்டு வரவேற்பறையில் இதை அரங்கேற்றினார். வசனமும் அவருடையதே. ஏழு பாத்திரங்கள், ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் ஒரே ஒரு பியானோ.

இதில் கொடுமைக்காரச் சித்தி கிடையாது. அந்த இடத்தில் பிக்தோர்து என்று ஒரு அசட்டுப் பிரபு, மாற்றாந்தகப்பன். ஆள் முன்பு மளிகைக்காரர். பெரிய வண்டி ஒன்று தெருவில் போவதைப் பார்த்துப் பழைய நாள் ஞாபகம் வந்து பாடுவார். எங்கள் இயக்குநர் வசனத்தை இந்தக் காலத்துக்கு மாற்றி, அதை சூப்பர் மார்க்கெட் டெலிவரி வேன் ஆக்கிவிட்டார். பிரபுவாக நடித்த பையன் ஒரு கையால் டையைச் சரிசெய்தபடி பாடினான். இன்னொரு கை தன்பாட்டுக்குத் தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையை விற்றுப் பத்து வருஷமாகியும் என் அப்பாவின் கை அப்படித்தான் போகும்.

அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. இடது கை வாசித்துக்கொண்டே இருந்தது, வலது கை ஒரே தட்டலில் தாளைப் பின்னால் தள்ளியது. பையனோ கடைசிச் சொல்லை இழுத்து நீட்டி, டையை அவிழ்த்து மறுபடி கட்டினான். சனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பூசணிக்காய் வண்டி? ஆரஞ்சுக் குடை, உள்ளே சைக்கிள் லைட். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு குழந்தை எழுந்தே நின்றுவிட்டது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

வீட்டுக்குள் பிறந்தது என்றதும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்கின் ‘ஹேன்சலும் கிரேட்டலும்’ ஞாபகம் வந்தது. முழுக்கப் பாட்டாகவே போகும் ஓப்பராதான், ஆனாலும் அவருடைய தங்கை தன் பிள்ளைகள் நடிக்கச் சில பாட்டுக்கு இசை கேட்கப்போய் ஆரம்பித்தது. அப்புறம் வளர்ந்து வளர்ந்து 1893 டிசம்பர் 23 அன்று வைமரில் அரங்கேறியது. இசைக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். இப்போதும் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைப் போடாத ஊர் குறைவு.

நாங்கள் பார்த்ததில் சூனியக்காரி வீட்டுக்குப் பதில் பளபளவென்று ஒரு சாக்லேட் கடை. அடுப்பில் தள்ளப்பட்ட சூனியக்காரி கடைசியில் வணக்கம் சொல்ல வந்ததும் என் ஆறு வயது மகள் கையைக் கட்டிக்கொண்டாள். “அதுக்கு நான் தட்ட மாட்டேன்.”

லியோனிலிருந்து:

ஓஃபன்பாக் இசையமைத்த ஓப்பரெட்டா ‘பார்ப் ப்ளூ’ யாரும் பார்க்கவில்லையா? 1866-இல் வந்தது. பெரோ எழுதிய, மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதை, ஆனால் இதில் மனைவிகள் சாகமாட்டார்கள். அவர்களைத் தீர்த்துக்கட்ட அவன் ஏவிய ரசவாதி, விஷத்துக்குப் பதில் தூக்க மருந்து கொடுத்து எல்லோரையும் நிலவறையில் ஒளித்து வைத்திருப்பான். நான் பார்த்தபோது அவர்கள் ஆளுக்கொரு செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டே மேலே ஏறி வந்தார்கள். மூன்றாவது ராணி படி தடுக்கி நிஜமாகவே விழுந்தாள்.

லண்டன் நண்பருக்கு: டீச்சர் மறுபடி கூப்பிட்டாரா?

லண்டனிலிருந்து:

கூப்பிட்டார். அடுத்த மாதம் இன்னொரு காட்சி. தாள் முனைகளை எல்லாம் இப்போதே மடித்து வைத்துவிட்டேன்.