எலுமிச்சைக்கு வேம் போட்டும் பலன் இல்லை, எங்கே தவறு?

செவல்காடு:
வணக்கம். புளியங்குடிப் பக்கம் 2 ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிறேன். செவல் மண், மரங்களுக்கு 7 வயது. இரண்டு வருடமாகக் கொழுந்து இலை சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையெல்லாம் மஞ்சள் ஓடுகிறது. கடைக்காரர் சொன்னார் என்று போன ஆனியில் வேர் உட்பூசணம், அதுதான் வேம் (வேருக்குள் வாழ்ந்து மரத்துக்குச் சத்து எடுத்துத் தரும் பூசணம்), மரத்துக்கு 200 கிராம் வீதம் அடிமரத்தைச் சுற்றித் தூவித் தண்ணீர் விட்டேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. தோண்டிப் பார்த்தால் வெள்ளை நூல் மாதிரி எதுவுமே இல்லை. பாக்கெட்டே செத்த சரக்கா? இந்தத் தடவை அரை கிலோ போடலாமா? பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள், பார்க்க மனசு தாங்கவில்லை.

வாய்க்கால்கரை:
அண்ணாச்சி, அவசரப்பட்டு இன்னும் வாங்காதீர்கள். என்ன உரம் வைக்கிறீர்கள்? வேரில் பூசணக்கொல்லி ஏதும் ஊற்றினீர்களா? மண் பரிசோதனை செய்த அட்டை இருக்கிறதா?

செவல்காடு:
மூன்றாம் வருடத்திலிருந்து டிஏபி, வருடம் இரண்டு தடவை, மரத்துக்கு ஒரு கிலோ. அடிமரத்தில் பிசின் வடிந்ததால் கார்பன்டசிம் கலக்கி மூன்று தடவை வேரில் ஊற்றினேன். கடைசித் தடவை ஊற்றியது வேம் போட்ட பத்தாம் நாள். களைக்கு மாதம் ஒரு ரோட்டவேட்டர் உழவு. அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 64 கிலோ, ‘அதிகம்’ என்று இருக்கிறது. அதிகம் என்றால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

வாய்க்கால்கரை:
அங்கேதான் சிக்கல். நம் மாநில அட்டையில் 22 கிலோவைத் தாண்டினாலே அதிகம். உங்கள் மண்ணில் அதுபோல மூன்று மடங்கு கிடக்கிறது, டிஏபி மணிச்சத்து உரம்தானே.

மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் காலி. அதற்கு அப்பால் சில சென்டிமீட்டர் வரை போய் எடுத்துவருவது இந்தப் பூசண இழைதான். கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். வேர்ப்பக்கமே மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் மரம் எதற்குக் கூலி கொடுக்கும்? பூசணத்தை உள்ளே விடாது. அதே இழை வழியாகத்தான் துத்தநாகமும் நிறைய வருகிறது, அதுவும் அடைபட்டுப் போகும். நீங்கள் சொல்லும் இலை அடையாளம் துத்தநாகக் குறையேதான்.

எலுமிச்சை இனத்துக்கு வேர்த்தூவி குறைவு, அதனால் இந்தப் பூசணம் இல்லாமல் மற்ற மரங்களைவிடக் கூடுதலாகத் தவிக்கும். அமெரிக்க நாற்றங்கால்களில் மண்ணைப் புகையூட்டிச் சுத்தம் செய்த இடத்தில் நாற்றுகள் குட்டையாகவே நின்றன. மண்ணில் விஷம் தங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பூசணம் செத்துப்போனதுதான் காரணம் என்று 1972-இல் கிளைன்ஷ்மிட், கெர்டமன் இருவரும் காட்டினார்கள்.

அப்புறம் அந்தக் கார்பன்டசிம். பிசின் வடிய வைக்கும் பைட்டோப்தோரா என்ற கிருமியை அது ஒன்றும் செய்யாது. அடிவாங்கியது உங்கள் வேம்தான். பிசினைச் சுரண்டிவிட்டுப் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவுங்கள். பாசனத் தண்ணீர் அடிமரத்தில் படாதபடி உள்வட்டமாக ஒரு வரப்பு போடுங்கள்.

வெள்ளை நூல் தேட வேண்டாம். சருகுக்குள் வெள்ளையாகப் படர்வது மக்கவைக்கும் வேறு பூசணம். வேம் வேருக்குள் இருப்பது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

நாற்றுப்பண்ணை அக்கா:
தம்பி, அடிமரத்தைச் சுற்றித் தூவியதும் தப்பு. அங்கே இருப்பது தடித்த வேர். மரக்குடையின் விளிம்புக்கு நேர் கீழே உட்கார்ந்து கையாலேயே கிளறிப் பாருங்கள். நான்கு விரல் ஆழத்தில் பழுப்பு நிறத்தில் நூல்கண்டு மாதிரி சல்லி வேர் கையோடு வரும். அந்த வேரில் படும்படி ஏழெட்டுக் குழியில் பிரித்துப் போட்டு மூட வேண்டும். உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் இது பிழைக்காது, அதனால்தான் நாங்களும் மக்காச்சோள வேரில் வைத்துப் பெருக்குகிறோம்.

ரோட்டவேட்டரை முதலில் நிறுத்துங்கள். மாதாமாதம் அறுத்தால் இழை எப்படிப் படரும்? இடைவெளியில் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும்போது அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். கடுகு, முள்ளங்கி வேண்டாம், அவற்றின் வேரில் வேம் ஒட்டாது. டிஏபி கூடவே கூடாது. இப்போதைக்கு மரம் தாங்க, கொழுந்து விடும்போது லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு), 2.5 கிராம் சுண்ணாம்பு கலந்து இலையில் தெளியுங்கள். ஒரு வரிசைக்கு மட்டும் வேம் போடாமல் விடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செவல்காடு (எட்டு மாதம் கழித்து):
அக்கா சொன்னபடியே செய்தேன், டிஏபி ஒரு கைப்பிடி கூட வைக்கவில்லை. இப்போது வந்திருக்கும் கொழுந்து அகலமாக, முழுப் பச்சையாக இருக்கிறது. இலை தேறியது ஜிங்க் தெளித்ததாலும் இருக்கலாம் என்று, வேளாண் கல்லூரியில் படிக்கும் என் சொந்த அக்கா மகளிடம் வேரைக் கொடுத்தேன். அவள் வேரைக் கொதிக்கவைத்து, பேனா மையும் வினிகரும் கலந்து சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டினாள். வேருக்குள் நீல நீலமாக முட்டை மாதிரிப் பைகள், இடையே இழை, அதுதான் அந்தப் பூசணமாம். என் மரத்து வேருக்குள் இத்தனை நடக்கிறதா என்று கண் கலங்கிவிட்டது.

ஒன்றுதான் புரியவில்லை. வேம் போடாத வரிசையின் வேரிலும் அதே நீல முட்டைகள், எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான்.

நாற்றுப்பண்ணை அக்கா:
அது உங்கள் மண்ணில் முன்பே இருந்த பூசணம், தம்பி. டிஏபியும் உழவும் நின்றதும் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. அடுத்த ஆனிக்குப் பாக்கெட் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் தட்டைப்பயறு விதை வாங்குங்கள்.