வெள்ளம் வடிந்த பிறகு வந்த கம்பெனிக்காரர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

முடிச்சூர், 2015 டிசம்பர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை. அன்று ராத்திரியே அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் தயவில் நாங்கள் மேலே ஏறிக்கொண்டோம். என் பைக் கீழே இரண்டு நாள் முழுக்க மூழ்கிக் கிடந்தது. வீடு வீடாகப் போய் கேபிள் பணம் வசூலிப்பது அப்போது என் வேலை. வண்டி ஓடினால்தான் சம்பளம்.

தண்ணீர் வடிந்ததும் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யப் போனேன். எதிர் வீட்டு அண்ணன் ஓடி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "செல்ஃபைத் தொடாதே தம்பி. உன் வண்டிக் கம்பெனி ஆளுங்க மெயின் ரோட்டுல கேம்ப் போட்டிருக்காங்க, தள்ளிட்டுப் போ."

ஒரு ஷாமியானா, நாலு மெக்கானிக். எனக்கு வாய்த்தவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக மிதித்தார். துளை வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆயிலை இறக்கினால் பால் விட்ட டீ நிறம். "காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது சார். இதோட ஸ்டார்ட் பண்ணியிருந்தா இன்ஜினுக்குள்ள பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும்" என்றார். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினார். கழற்றிய போல்ட்டெல்லாம் அவருடைய டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக இருந்தன. கூலி வாங்கவில்லை, ஆயிலுக்கும் பிளக்குக்கும் மட்டும்தான் காசு. மறுநாளே வசூலுக்குக் கிளம்பினேன்.

அதே வாரம் வேறொரு கம்பெனி அரிசிப் பை கொண்டு வந்தது. பையில் இருந்த பெயர் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அரிசி தேவைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் தொழிலையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எங்களை வாடிக்கையாளராகவே நடத்தினார்கள். அதற்கு முந்தைய நவம்பர் வெள்ளத்தில் டாக்ஸி கம்பெனியான ஓலா மீனவர்களோடு சேர்ந்து படகு விட்டது. டிசம்பரில் பி.எஸ்.என்.எல். ஒரு வாரம் இலவசமாகப் பேச விட்டது, ஏர்டெல் 30 ரூபாய் டாக்டைம் கடனாகக் கொடுத்தது. ரீசார்ஜ் கடைகளே மூடிக் கிடந்த நேரத்தில் அந்த 30 ரூபாய் எவ்வளவு பெரிது என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

நான் பள்ளிக்கரணை. 2023 மிக்ஜாம் புயலில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டும் தண்ணீரில் நின்றன. புகார் கொடுத்து நாலாம் நாள் சர்வீஸ் பையன் வந்தான். வந்ததும் பிளக்கில் கரன்ட் போகிறதா என்றுதான் முதலில் பார்த்தான். வாஷிங் மெஷின் போர்டைக் கழற்றிக் கழுவி, என் ஹேர் டிரையரை வாங்கியே காய வைத்தான். ஃபிரிட்ஜ் பிழைக்காது, வீணாகச் செலவு பண்ணாதீங்கம்மா என்று நேராகச் சொல்லிவிட்டான். புதுசு வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. விசிட் சார்ஜும் கிடையாது.

*

முடிச்சூர் நண்பருக்கு: நீங்கள் சொன்ன அதே மாதிரி கேம்ப் 2015-ல் எங்கள் பக்கமும் வந்தது. எனக்குத்தான் சாவியைப் பிடுங்க ஆள் இல்லை. கேம்ப் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டேன், இன்ஜின் போய்விட்டது. இன்ஷூரன்ஸில், தண்ணீரில் நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்தீர்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வெள்ளத்துக்கு முன்னாலேயே "ஸ்டார்ட் செய்யாதீர்கள், நாங்கள் வருகிறோம்" என்று எல்லா வண்டிக் கம்பெனியும் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். நம் நம்பர் அவர்களிடம் இருக்கிறது, சர்வீஸ் தேதி வந்தால் தவறாமல் அனுப்புகிறார்களே.