டிஸ்சார்ஜ் ஆகி வந்தாச்சு: பழைய மாத்திரை, புது மாத்திரை, எதைத் தொடர்வது?

கெடிலக்கரை:

அப்பாவுக்கு 66 வயது, வீடு திருப்பாதிரிப்புலியூர். மாரடைப்பு வந்து புதுச்சேரியில் ஒரு ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து நேற்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். சீட்டில் இருப்பது: ஆஸ்பிரின் 75 மதியம், டிகாக்ரெலார் 90 காலை இரவு, அட்டோர்வாஸ்டாட்டின் 40 இரவு, மெட்டோபிரோலால் எக்ஸ்எல் 25 காலை, ராமிப்ரில் 2.5 இரவு, டைடார் 10 (நீர் மாத்திரை) காலை, பேன் 40 வெறும் வயிற்றில், சார்பிட்ரேட் 5 எஸ்ஓஎஸ் (தேவைப்பட்டால் மட்டும்). கூடவே மிக்ஸ்டார்ட் இன்சுலின் 14-0-8 (காலை 14 யூனிட், இரவு 8).

வீட்டில் முன்பே இருப்பது: டெல்மா ஏஎம், கிளைகோமெட் ஜிபி 1, ஈகோஸ்பிரின் ஏவி 75. இதுபோக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5.

பழசை நிறுத்தச் சொல்லியோ தொடரச் சொல்லியோ சீட்டில் ஒரு வரிகூட இல்லை. ரிவியூ 14 நாள் கழித்து. அதுவரை என்ன செய்வது? இதையெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்கலாமா?

மருந்துக்கவர்:

தாராளமாகக் கேட்கலாம். பதிவு பெற்ற மருந்தாளுநர் நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015-ம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் மாலை ஏழு மணிக்குக் கூட்டத்தில் நின்று கேட்டால் யாராலும் நிதானமாகப் பார்க்க முடியாது. மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் போங்கள். சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், பாதி தீர்ந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொட்டுங்கள்.

இப்போதைக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது மட்டும் நடக்கட்டும். பழையவற்றைத் தனிக் கவரில் போட்டு மேலே "கேட்க வேண்டியது" என்று எழுதி வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: வலிப்பு, தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை புதுச் சீட்டில் விட்டுப்போயிருந்தால் இப்படிக் கவரில் போட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் எது எதோடு இடிக்கிறது என்று பார்க்க, பிராண்டு பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஈகோஸ்பிரின் ஏவி என்பது ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்தது. இரண்டுமே புதுச் சீட்டில் தனித்தனியாக இருக்கின்றன. அதையும் போட்டால் ஆஸ்பிரின் 150 ஆகிவிடும். டிகாக்ரெலார் போடுகிறவர் ஆஸ்பிரின் 100-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தக்கசிவு கூடும், டிகாக்ரெலாரின் பலனும் குறையும்.

டெல்மா ஏஎம் என்பது டெல்மிசார்டானும் அம்லோடிபினும். டெல்மிசார்டான், ராமிப்ரில் இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை. சேர்த்துப் போட்டால் பிரஷர் ஒரேயடியாக இறங்கும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். வீட்டுக்கு வரும் அம்லோடிபினும் இதே அட்டைக்குள் இருப்பதுதான். அதாவது மாரடைப்புக்கு முன்பிருந்தே அவருக்கு அம்லோடிபின் இரட்டை; கிளைகோமெட் ஜிபியிலும் மெட்ஃபார்மின் இருப்பதால் அதுவும் இரட்டை. அம்லோடிபின் கூடினால் கணுக்கால் வீங்கும். அதை இதயக் கோளாறால் வந்த வீக்கம் என்று நினைத்து நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கிற கூத்து.

கிளைகோமெட் ஜிபியில் கிளிமிபிரைடும் இருக்கிறது. மிக்ஸ்டார்ட் ஊசியோடு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று தாழும். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயம் காரணமாக மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே சீட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள். டெல்மிசார்டான், அம்லோடிபின் இரண்டும் நின்றுவிட்டனவா? கிளிமிபிரைடு நின்றுவிட்டதா? மெட்ஃபார்மின் திரும்ப உண்டா, உண்டு என்றால் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகா? பதிலைத் தேதி போட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

ஆஸ்பிரின், டிகாக்ரெலார் இரண்டும்தான் ஸ்டென்ட் மாத்திரைகள், ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. இவை விட்டுப்போனால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து மிகவும் கூடும். பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். டிகாக்ரெலார் எல்லாக் கடையிலும் இருக்காது, ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். "அது இல்லை, க்ளோபிடோக்ரல் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். மாற்றுவதானால் முதல் டோஸ் அளவையும் நேரத்தையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டிகாக்ரெலார் சிலருக்கு லேசான மூச்சுமுட்டல் தரும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுண்ணாம்பாறு:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் இன்சுலினை மட்டும் சொல்கிறேன், வீட்டுக்கு வந்த பிறகு பெரிய தப்பு நடக்கிற இடம் அதுதான்.

மிக்ஸ்டார்ட் குப்பியின் லேபிளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருக்கிறதா, 100 என்று போட்டிருக்கிறதா? 40 என்றால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றால் ஆரஞ்சு மூடி. மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 35 யூனிட். நேர்மாறாக எடுத்தால் ஆறு யூனிட்கூடப் போகாது, சர்க்கரை 300-லேயே நிற்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மிக்ஸ்டார்ட் கலங்கலாகத்தான் இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை மெதுவாக உருட்டி, அடியில் வெள்ளை தங்காமல் ஒரே சீராக ஆன பிறகு எடுங்கள். குலுக்க வேண்டாம். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு. ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் குப்பையில்தான் போட வேண்டும். திறந்த தேதியை லேபிளில் எழுதி, நாலு வாரத்தில் புதுக் குப்பிக்கு மாறுங்கள். அக்னி வெயிலில் கரண்ட் போனால் மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன மண்சட்டி, அதில் குப்பி என்று வைத்து மூடுங்கள்.

முக்கியமான இன்னொன்று: மெட்டோபிரோலால் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். திடீரென்று சட்டை நனைகிற மாதிரி வியர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்த்தால், அல்லது நெஞ்சு இறுக்கமும் சேர்ந்தால், யோசிக்காமல் 108.

பேரேடு:

மக்களைத் தேடி மருத்துவம் தமிழ்நாடு அரசு திட்டம், 2021-ல் வந்தது. புதுச்சேரியில் நடந்த சிகிச்சை கடலூரில் இருக்கிற அந்தப் பதிவுக்குத் தானாக வந்து சேராது. டிஸ்சார்ஜ் சீட்டின் ஜெராக்ஸை வருகிற தன்னார்வலரிடம் கொடுத்து, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டியலை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவையும் அதே அம்லோடிபினும் மெட்ஃபார்மினும்தான் வரும். வீட்டில் இருக்கிற யாராவது "கவர்மெண்ட்ல குடுத்ததாச்சே" என்று கொடுத்தும் விடுவார்கள்.

செலவு மலைப்பாக இருந்தால் மக்கள் மருந்தகத்தில் மருந்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் மில்லிகிராம், எக்ஸ்எல் இரண்டும் சீட்டோடு பொருந்த வேண்டும். எக்ஸ்எல் இல்லாத மெட்டோபிரோலால் வேறு வேகத்தில் கரையும். அட்டையைக் கத்தரித்துத் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டை உங்களுக்குக் கேட்டு வாங்குங்கள்.

கெடிலக்கரை:

மூவருக்கும் நன்றி. போன் செய்தேன்: டெல்மா, அம்லோடிபின், கிளைகோமெட் மூன்றும் நிறுத்தம், மெட்ஃபார்மின் ரிவியூவில் பார்ப்பார்களாம். வாரப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் போட்டு வைக்கலாமா? மூட்டுவலிக்கு எப்போதும் போடும் மாத்திரையையும் கேட்கிறார்.

மருந்துக்கவர்:

பெட்டி நல்லது. ஆனால் சார்பிட்ரேட்டை அதில் போடாதீர்கள், அது அப்பாவின் சட்டைப் பையில் அட்டையோடு இருக்க வேண்டும். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்கின் கீழ் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. ஆண்மைக்கென்று விற்கும் மாத்திரை எதையும் இதோடு சேர்க்கவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்குப் போகும். கூச்சப்பட்டு யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஆசெக்ளோஃபெனாக் வகை எதுவும் வேண்டாம். ராமிப்ரிலும் டைடாரும் போடுகிறவருக்கு அது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், ஸ்டென்ட் மாத்திரைகளோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவும் வரும். பாராசிட்டமால் 650 போதும். சளிக்கு வேறு டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதினால் டிகாக்ரெலார் போடுவதைச் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது. வறட்டு இருமல் பிடித்துக்கொண்டால் சிரப்பாக வாங்கி ஊற்றாமல் ராமிப்ரிலைச் சந்தேகப்படுங்கள்.

தினமும் காலை சிறுநீர் கழித்ததும் எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், ரிவியூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ராமிப்ரில் தொடங்கியதால் இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அதற்கு முன் தினமும் இளநீர் வேண்டாம், அதிலும் பொட்டாசியம் இருக்கிறது.

ரிவியூ அன்று பஸ்ஸில் சங்கடம் என்று டைடாரை விடுகிறார்கள். விட வேண்டாம், புதுச்சேரி போய் இறங்கியதும் போடலாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதானால் ஸ்டென்ட் மாத்திரைகளை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளட்டும். இன்சுலின் ஊசியை மட்டும் வீட்டிலேயே குத்திக்கொண்டு கிளம்பாதீர்கள். குப்பி, சிரிஞ்ச், டிபன் டப்பா மூன்றும் பையில் இருக்கட்டும். ரத்தம் கொடுத்த பிறகு ஊசி, அரை மணிக்குள் இட்லி.