சைக்ஸ் என்ற குடும்பப்பெயர்: யார்க்‌ஷயரில் நாம் சந்தித்தவர்கள்

ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து:

வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் உள்ள இந்த ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எங்களுக்கு சைக்ஸ் என்ற பெயர் நாள்தோறும் கையில் புழங்குவது. கட்டி வைத்த மருந்துப் பைகளில் 'எஸ்' வரிசைதான் எப்போதும் பிதுங்கி வழியும். "மிஸ்டர் சைக்ஸ்" என்று கூப்பிட்டால் சில நாள் இரண்டு பேர் எழுந்து வருவார்கள். பிறந்த தேதியும் தெருப்பெயரும் கேட்காமல் யாரிடமும் பையைக் கொடுப்பதில்லை.

அப்படி எழுந்து வருபவர்களில் ஒரு முதியவர் பக்கத்துக் கோல்ன் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்லெய்த்வெயிட் கிராமத்துக்காரர். ஊர்க்காரர்கள் அதை 'ஸ்லாவிட்' என்றுதான் சொல்வார்கள். கம்பளி ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். "இந்தப் பள்ளத்தாக்கில் சைக்ஸ் எல்லாரும் ஒரே குடும்பம், தாயி" என்பார். நான் நம்பவில்லை. சைக் என்றால் அங்கே சிறு ஓடை. மேட்டுப் புல்வெளியிலிருந்து இறங்கி, பல இடங்களில் இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே எல்லையாக ஓடும். கோல்ன் பள்ளத்தாக்கில் நடந்தால் திரும்பிய பக்கமெல்லாம் அப்படி ஓர் ஓடை. ஓடைக்கரையில் குடியிருந்தவனுக்கு எல்லாம் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும் என்றால், தொடக்கத்தில் தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? பெயர் ஆய்வாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வெனும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் பெரும்பாலும் அதே வழியில் போகிறது. எனவே இரண்டையும் ஒப்பிட்டார்கள். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்ததில் 21 பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அதே வட்டாரத்தில் வேறு பெயர் கொண்ட ஆண்களைச் சோதித்தபோது அந்த வகை தென்படவே இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர், 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த ஒரே மனிதனின் நேர் வாரிசுகளாக இருக்கக்கூடும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். முதியவர் சொன்னதில் பாதி மெய் என்று ஆகிவிட்டது. இதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்!

பிறகுதான் சங்கடம். அவர் மகள் பிறந்தநாளுக்கு ஒரு டி.என்.ஏ. சோதனை வாங்கித் தந்தாள். முடிவு வந்தது. அவருடைய ஒய் குரோமோசோம் அந்தப் பெரிய கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. கவுன்ட்டரில் நின்று, "அப்படியானால் நான் யார்?" என்று கேட்டார். எழுபது வயதைக் கடந்த மனிதர், மூன்று தலைமுறை சைக்ஸ்களைத் தோளில் தூக்கி அடக்கம் செய்தவர், அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

விடுமுறை நாட்களில் அவரோடும் மகளோடும் நானும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இங்கிலாந்தில் பிறப்பு இறப்பு அரசுப் பதிவு தொடங்கியது 1837இல். அதற்கு முந்தையதற்கு தேவாலயப் பதிவேடுகளே கதி. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட ஆணையால் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கத் தொடங்கியது. அவர் குடும்பத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனதில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு ஞானஸ்நானக் குறிப்பு அகப்பட்டது. தந்தை பெயர் இல்லை. தாயின் பெயர் மட்டும். தாய் ஒரு சைக்ஸ். முறையாகத் திருமணம் ஆகாதவளின் பிள்ளை என்று எழுத்தர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

அந்தப் பையன் அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். அவன் வழியில்தான் நம் முதியவர். இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. தத்தெடுப்பு, மாற்றாந்தகப்பன் பெயர், ஆரம்பத்திலேயே வேறு ஓடைக்கரை என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் என் மனம் அந்தப் பெண்ணிடமே நிற்கிறது. ஒய் குரோமோசோம் ஆய்வு ஆண்களை மட்டுமே எண்ணுகிறது. அங்கே அவளுக்கு இடமில்லை. ஆனாலும் ஊரின் வாய்க்கு அஞ்சாமல் பிள்ளையை வளர்த்துத் தன் பெயரைக் கொடுத்தவள் அவள்தான். அவர் சைக்ஸாக இருப்பது அவளால். ஒத்துப்போன 21 பேரைவிட அவர் ஒரு துளியும் குறைந்த சைக்ஸ் அல்ல என்று அவரிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

நாட்டிங்ஹாமிலிருந்து:

அக்கா, இதே போன்ற இன்னொரு பெயர் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அட்டன்பரோ. பீஸ்டனை அடுத்து அந்தப் பெயரிலேயே ஒரு கிராமம். பழைய ஜல்லிக் குழிகளில் நீர் நிறைந்து உருவான பறவைகள் காப்பகம் அங்கே உண்டு. 1966இல் அதைத் திறந்து வைத்தவரே, தொலைக்காட்சி இயற்கைப் படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோதான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ ஆண்களில் பெரும்பாலோர் ஒரே கொடியில் வந்தவர்கள். ஸ்மித்களிடம் அந்த ஒற்றுமை சுத்தமாக இல்லை. ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானே, வேறு எப்படி இருக்கும்? காப்பகத்தில் எனக்குப் பறவைகளைக் காட்டித் தந்த ஒரு பெண்மணி பிறப்பால் அட்டன்பரோ. திருமணத்துக்குப் பிறகும் பெயரை விடவில்லை. அவரிடம் இந்தப் பதிவைக் காட்டப் போகிறேன்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து:

நான் துணி ஆலை ஒன்றில் சாயப் பிரிவில் இருந்தவன். உடன் வேலை செய்தவர்களில் ஒரு லிஸ்டர், ஒரு வெப்ஸ்டர், கணக்கில்லாத வாக்கர்கள். மூன்றும் நெசவுத்தொழில் பெயர்கள். லிஸ்டர் சாயம் போடுபவர், வெப்ஸ்டர் நெய்பவர், வாக்கர் ஈரத்துணியைக் காலால் மிதித்து இறுக்குபவர். அதே மிதிக்கும் தொழில் தெற்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். பெயரை வைத்தே மூதாதை எந்தத் திசைக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

1379இல், இரண்டாம் ரிச்சர்டு ஆட்சியில், பிரான்ஸ் போருக்காக 16 வயது கடந்தவர்கள்மீது தலைவரி போட்டார்கள். சாதாரணத் தம்பதிக்கு 4 பென்ஸ். வரி கட்டியவர்களின் மேற்கு யார்க்‌ஷயர்ப் பட்டியல் நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதைப் படித்தால், சிலரிடம் பெயரும் செய்யும் தொழிலும் இன்னும் ஒன்றாகவே இருப்பதும், சிலரிடம் தொழில் மாறிப் பெயர் மட்டும் தங்கிவிட்டதும் தெரியும். குடும்பப்பெயர் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாயத்தொட்டியருகே நின்ற லிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, கைக்கறையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மீண்டும்:

வாக்கர், டக்கர் செய்தி எனக்குப் புதிது, மிக்க நன்றி ஐயா. ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. எல்லோரும் ஒரே பெயரில் இருந்தால் ஒருவரை ஒருவர் எப்படிப் பிரித்து அழைத்தார்கள்? நம் ஊர் வழக்கம்தான்: தகப்பன் பெயரை ஒட்டினார்கள். மேட்டுநிலத்துக்கு அப்பால் சாடில்வொர்த்தில் வில்லியம் பிராட்பரி என்பவர் ஊருக்கு 'பில் ஓ ஜாக்ஸ்', அதாவது ஜாக்கின் மகன் பில் (வில்லியம் என்பதன் சுருக்கம்). விடுதி நடத்தியவர். 1832 ஏப்ரல் 2 இரவு அவரும் மகன் தாமஸும் கொலையுண்டார்கள். கொலையாளி அகப்படவே இல்லை. அப்பர்மில்லில் புனித சாட் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. தந்தைக்கு வயது 84, மகனுக்கு 46 என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

நம் முதியவரின் தாத்தாவையும் ஊரில் யாரும் சைக்ஸ் என்று கூப்பிட்டதில்லையாம். 'ஜோ ஓ பென்ஸ்', அதாவது பென்னின் ஜோ, என்றால்தான் திரும்பிப் பார்ப்பாராம். இனி நாங்கள் தேடப்போவது அந்தப் பதிவேட்டுப் பெண்ணின் அடக்கக் குறிப்பை. பிற்பாடு அவள் மணம் செய்திருந்தால் வேறு பெயரில் இருப்பாள் என்பதால் திருமணப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறோம். கோல்ன் பள்ளத்தாக்குத் தேவாலயப் பதிவேடுகளில் பழக்கமுள்ளவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் எழுதுங்கள்.