கழுத்தில் தழும்பில்லாத தைராய்டு ஆபரேஷன் – உங்கள் அனுபவம்?

திருவையாற்றிலிருந்து:

போன வருஷம் சம்பா நடவு சமயம், கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் பாப்பில்லரி வகைப் புற்றுநோய். கட்டி சிறியது, பரவவில்லை என்பதால் வாய் வழியாகவே செய்யலாம் என்றார்கள். கீழுதட்டின் உள்பக்கம் மூன்று துளை. அதன் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுத் தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்களெல்லாம் "ஒண்ணுமே தெரியலையே!" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துவிட்டேன். வெளியே தழும்பு இல்லையே தவிர, உள்ளே நடந்தது அதே பெரிய ஆபரேஷன்.

மூன்றாம் நாள், வீட்டில். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மோவாய் ஏற்கெனவே மரத்துக் கிடந்ததால் அதுதான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் பூத்தொடுக்க உட்கார்ந்தால் நாரில் முடிச்சே விழவில்லை. விரல்கள் தானாக உள்ளே இழுத்துக்கொண்டன. ராத்திரியே தஞ்சாவூருக்கு ஓடினோம். கால்சியம் இறங்கிவிட்டதாம். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்து ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் பாதிக்கப்பட்டால் இப்படி வருமாம். நரம்பு வழியாக மெதுவாக ஏற்றிய பிறகுதான் விரல் நிமிர்ந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது இதை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, எங்கள் அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். மார்கழியில் கோயிலில் பாடுகிறவர். குரல் போய்விடுமோ என்று ஒரே அழுகை.

திருவையாற்றிலிருந்து:

குரல் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறதும்மா, பயம் நியாயம்தான். எனக்கு மூன்று வாரம் கம்மியிருந்து தெளிந்தது. பாடுகிறவர் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரல் மரத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து:

என் கணவருக்குக் கழுத்தைத் திறந்துதான் செய்தார்கள், நெறிக்கட்டுகளிலும் இருந்தது. அப்புறம், மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின். அதற்கு முன்னால் இரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. இந்த ஊரில் பிறந்த மனுஷர் கடுங்காப்பி குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே முடியவில்லை. இப்போது விடிகாலை வெறும் வயிற்றில் தைராக்சின் (எடுத்துவிட்ட தைராய்டு சுரந்ததற்குப் பதிலான மாத்திரை), ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் மாத்திரையை மட்டும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் அதை மதியச் சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன்.