என்டிசியில் 3 டிராப்லெட் பாசிட்டிவ், அவசரம்!

லேப்_மீனா: வணக்கம். டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர் (சாம்பிளை ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரித்து டிஎன்ஏவை எண்ணும் சோதனை) ஓட்டினேன். என்டிசியில் (டிஎன்ஏ சேர்க்காமல் ஓட்டும் கன்ட்ரோல், 0 வர வேண்டும்) 3 பாசிட்டிவ், நோயாளி சாம்பிளில் 4. நாளை காலை கைடிடம் காட்ட வேண்டும். பாசிட்டிவ் என்று எழுதலாமா?

துளிக்காரன்: எந்தக் கிருமி? என்ன சாம்பிள்? மொத்தம் எத்தனை டிராப்லெட் கிடைத்தது? என்டிசி எத்தனை வெல் (தட்டில் உள்ள குழி)?

கோவை_பயோ: த்ரெஷோல்டை (பாசிட்டிவ், நெகட்டிவ் பிரிக்கும் கோட்டை) கொஞ்சம் மேலே தூக்குங்கள் மேடம். இரண்டுக்கும் நடுவில் தூவினாற்போல் விழும் 'மழை'யாக இருக்கும். எனக்குப் பத்தில் ஒன்பது தடவை அதுதான்.

லேப்_மீனா: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். டிபி மூளைக்காய்ச்சல் சந்தேகம், சாம்பிள் சிஎஸ்எஃப் (மூளைத் தண்டுவட நீர்). டார்கெட் ஐஎஸ்6110 (டிபி கிருமியின் டிஎன்ஏவில் வழக்கமாகப் பல தடவை வரும் துண்டு). வெல்லுக்குச் சுமார் 18,000 டிராப்லெட். என்டிசி ஒரு வெல்தான். அந்த 3-ம், டிபி டிஎன்ஏ போட்ட பாசிட்டிவ் கன்ட்ரோல் நிற்கும் உயரத்திலேயே நிற்கின்றன, மழை இல்லை.

பழைய_கை: ஒரே ஒரு என்டிசி! வோகல்ஸ்டீனும் கின்ஸ்லரும் டிஜிட்டல் பிசிஆர் பற்றி 1999-லேயே எழுதிவிட்டார்கள், இன்னும் பாய்சான் (அரிதாக நடப்பதை எண்ணும் புள்ளியியல்) படிக்காமல் மெஷினைத் தொடுகிறார்கள். கணக்கு பாரும்மா: 18,000-ல் 3 என்றால், டிராப்லெட் 0.85 நானோலிட்டர், 20 மைக்ரோலிட்டரில் சுமார் 4 காப்பி. 3 எண்ணினால் உண்மை 0.6 முதல் 8.8 வரை எங்கேயும் இருக்கலாம். 3-க்கும் 4-க்கும் என்ன வித்தியாசம்?

துளிக்காரன்: கணக்கு சரி சார், தொனி வேண்டாமே. மீனா, அதே அறையில் ஐஎஸ்6110 சாதா பிசிஆர் ஓட்டி ஜெல் போடுவதுண்டா? டியூபைத் திறந்தாலே ஆம்ப்ளிகான் (பிசிஆர் பெருக்கிய டிஎன்ஏ நகல்) காற்றில் பறக்கும். யூஎன்ஜி (யூரேசில் உள்ள பழைய நகல்களை அழிக்கும் என்சைம்) போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருக்காதீர்கள். பழைய ஆம்ப்ளிகானில் யூரேசில் இல்லாவிட்டால் அதை அது தொடாது.

கோவை_பயோ: இவ்வளவு பாடு எதற்கு? எக்ஸ்பெர்ட் அல்ட்ரா (டிபிக்கான தானியங்கி பிசிஆர் சோதனை) போதுமே. சிஎஸ்எஃப்புக்கு அதைத்தானே சொல்கிறார்கள்.

பழைய_கை: அல்ட்ரா நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?

கோவை_பயோ: அப்படி எங்கே சொன்னேன்? உங்கள் டிராப்லெட் மட்டும் உறுதி தருமா? தமிழ்நாட்டில் ஐஎஸ்6110 ஒன்று மட்டும் உள்ள, ஒன்றுகூட இல்லாத டிபி ஸ்ட்ரெயின்கள் உண்டு என்று சென்னை ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. அல்ட்ராவிலாவது ஐஎஸ்6110-உடன் ஐஎஸ்1081, ஆர்பிஓபி என்ற மற்ற டார்கெட்டுகளும் சேர்ந்து இருக்கின்றன.

துளிக்காரன்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மீனா, புதுத் தண்ணீர், வேறு அறை, 8 என்டிசி. சாம்பிளே இல்லாமல் எடுத்த எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க்கும் ஒன்று. அதுவரை 'முடிவு சொல்ல இயலாது' என்றே எழுதுங்கள்.

*(5 நாள் கழித்து)*

லேப்_மீனா: 8 என்டிசியும் 0, பிளாங்க்கும் 0. சாம்பிள் டிஎன்ஏ 2 வெல்லுக்குத்தான் மிச்சம் இருந்தது: 0, 1. கைடு திட்டினார். நன்றி.

துளிக்காரன்: பழைய தண்ணீரைக் கொட்டிவிடவில்லையே? அதையும் ஒரு வெல் ஓட்டினீர்களா?

கோவை_பயோ: மேடம்?